பணம் என்னும் அளவுகோல்



துணிக்கடையில் அளக்கும் கோல் காலையில் ஒரு நீளமும் மாலையில் வேறொரு நீளமுமாக இருக்குமானால் நாம் வாளா இருப்போமா? உரிய அலுவலரிடம் முறையிட்டு அந்தக் கோலைப் பறிமுதல் செய்விப்போம். படிக்கல்லில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று பார்த்துச் சரக்கு வாங்குகிற நாம், எல்லாப் பொருள்களின் மதிப்பையும் அளக்கின்ற கோலாகிய பணத்தைப் பற்றி அவ்வாறு கேட்பதில்லை. நேற்றும் ஒரு ரூபாய், இன்றும் ஒரு ரூபாய், அதில் என்ன வேறுபாடு என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அந்தக் கோல் நீளவும் செய்கிறது, சுருங்கவும் செய்கிறது. அதனால் குடும்பங்கள் வாழ்கின்றன, கெடுகின்றன, நாடுகளே தடுமாறுகின்றன. இதனைத் தம் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்த ஓர் அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றி இன்று உங்களிடம் பேச எண்ணுகிறேன். அவர் பெயர் இர்விங் ஃபிஷர். அந்தக் கோலால் அவரும் அடிபட்டார். அடிபட்ட பின் அவர் எழுதியதே அவர் எழுதியவற்றுள் தலைசிறந்தது என்பது என் கருத்து.

ஃபிஷர் 1867ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த சாகர்ட்டீஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கிறித்தவ சமய குரு. மகன் யேல் பல்கலைக் கழகத்தில் சேரவிருந்த வேளையில் தந்தை காச நோயால் காலமானார். தாயையும் தம்பியையும் காக்கும் பொறுப்பு 17 வயதுப் பிள்ளையின் தலைமேல் விழுந்தது. பிற மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த வருவாயைக் கொண்டே அவர் படித்து முடித்தார். அவருக்குக் கணிதத்தில் பெருவிருப்பம். வில்லார்ட் கிப்ஸ் என்னும் பெரிய இயற்பியல் அறிஞரிடம் பயின்றவர். கணிதத்தையும் பௌதிகத்தையும் பொருளியலுக்குள் கொண்டுவந்தால் என்ன என்று எண்ணி, 1891இல் அவ்வாறே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்தக் கட்டுரையில் ஒரு விந்தை உண்டு. சந்தையில் பல பொருள்களின் விலைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிலைகொள்வதைக் காட்டத் தொட்டிகளும் குழாய்களும் நெம்புகோல்களும் கொண்ட ஒரு நீர்ப்பொறியை அவர் வகுத்தார். பின்னர் அதைச் செய்தும் வைத்தார். ஒரு தொட்டியில் நீரைக் கூட்டினால் மற்றவற்றின் மட்டம் எப்படி மாறுகிறது என்பதை மாணவர் கண்ணால் காணலாம். ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் துணைக்கருவிகளின் சிறப்பைப் பற்றி நான் பல சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறேன். சொற்பொழிவு ஆற்றியவருள் ஒருவரும் இப்படி ஒரு கருவியைச் செய்து காட்டியதில்லை.

இனி நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு செய்தி. 1896இல் ஃபிஷர் வட்டி விகிதத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று இந்திய அரசாங்கத்தின் கடன் பத்திரங்கள். அக்காலத்தில் இலண்டன் நகரச் சந்தையில் இந்திய அரசாங்கக் கடன் பத்திரங்கள் இரு வகையாக விற்பனையாயின. ஒருவகைக்கு வட்டி பொன் நாணயமாகிய பவுனில் கிடைக்கும். மற்றொரு வகைக்கு வட்டி வெள்ளி நாணயமாகிய ரூபாயில் கிடைக்கும். கடன் வாங்கியது ஒரே அரசாங்கம். விற்பனையாவது ஒரே ஊரில். ஆகவே நாணயத்தில் நம்பிக்கைக் குறைவு என்று சொல்வதற்கில்லை. அப்படியிருந்தும் ரூபாய்ப் பத்திரத்தில் பணம் போடுகிறவர்கள் அதிக வட்டி கிடைத்தாலன்றி வாங்க முன்வரவில்லை. காரணம் என்ன?

காரணம் வெள்ளியின் வீழ்ச்சி. 1870ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெற்ற நம் ரூபாய், வெள்ளியின் விலை இறங்க இறங்கத் தேய்ந்துகொண்டே வந்தது. 1893இல் இந்திய நாணயச் சாலைகளில் மக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுப்பதையே அரசாங்கம் நிறுத்திவிட நேர்ந்தது. நாளைக்குக் கைக்கு வரப்போகும் ரூபாய் இன்றைய ரூபாயைவிட இளைத்திருக்கும் என்று அஞ்சிய இலண்டன் செல்வர்கள், அந்த இளைப்புக்கு ஈடாக வட்டியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கேட்டனர். இதிலிருந்து ஃபிஷர் தெளிந்த உண்மை இது: வட்டி என்று சொல்லப்படுவதில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று கடன் கொடுத்தவருக்கு மெய்யாகவே கிடைக்கும் ஊதியம். மற்றொன்று பணத்தின் மதிப்பு குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு ஈடு. ஒருவர் 100 ரூபாயை ஆண்டுக்கு 8 ரூபாய் வட்டிக்குக் கொடுக்கிறார். அவ்வாண்டில் விலைவாசி நூற்றுக்கு 6 ஏறுகிறது என்றால், அவருக்கு மெய்யாகக் கிடைத்தது ஏறத்தாழ 2 ரூபாய்தான். வங்கியில் பணம் போட்டு வைத்திருக்கும் ஓய்வூதியக்காரர் எவரும் இக்கணக்கை விரலிலேயே போட்டுவிடுவார்.

அடுத்து 1911இல் வெளிவந்தது பணத்தின் வாங்கும் ஆற்றலைப் பற்றிய அவரது பெருநூல். அதில் அவர் விளக்கிய சமன்பாடு இன்றும் கல்லூரிகளில் பாடமாக உள்ளது. அதனைக் குறியீடுகள் இன்றிச் சொல்கிறேன். ஒரு சிற்றூர்ச் சந்தையில் எல்லோர் மடியிலும் இருக்கும் பணம் மொத்தம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் அன்றைய பொழுதில் சராசரி ஐந்து முறை கைமாறினால் சந்தையில் நடந்த மொத்த விற்பனை 500 ரூபாய். ஆகவே பணத்தின் அளவைக் கைமாறும் வேகத்தால் பெருக்கினால் வருவதும், விற்ற சரக்கின் அளவை விலையால் பெருக்கினால் வருவதும் ஒரே தொகை. சந்தைக்கு வரும் சரக்கும் கைமாறும் வேகமும் முன்போலவே இருக்க, பணம் மட்டும் 200 ரூபாயாகிவிட்டால் விலை இரட்டிக்க வேண்டியதுதானே?

இங்கே ஒரு சொல் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். சமன்பாடு தன்னளவில் வெறும் கணக்கு. அதை எவரும் மறுக்க இயலாது. ஆனால் கைமாறும் வேகம் பெரிதும் மாறாது என்று சொல்வது கணக்கன்று. உலகத்தைப் பற்றிய ஒரு கூற்று. மக்கள் அஞ்சிப் பணத்தைப் பெட்டியில் பூட்டிவைக்கும் காலத்தில் அவ்வேகம் குன்றிவிடும். தேர்வில் விடை எழுதுகிற மாணவர் பலர் இவ்விரண்டையும் குழப்பிவிடுகின்றனர்.

ஃபிஷர் வெறும் ஏட்டறிஞர் அல்லர். 1898இல் தந்தையைக் கொன்ற காச நோயே அவரையும் பற்றியது. மூன்று ஆண்டுகள் போராடி மீண்டார். மீண்டபின் உடல்நலப் பிரசாரத்தில் முனைந்து, எப்படி வாழ்வது என்பதைப் பற்றியே நூல் எழுதினார். மதுவிலக்குக்கும் பாடுபட்டார். மனித இனத்தைத் தேர்ந்தெடுத்துச் செம்மைப்படுத்தலாம் என்று அந்நாளில் பரவியிருந்த தீய கொள்கையையும் ஆதரித்தார். அதனை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது முறையன்று. ஒரு துறையில் பேரறிஞராய் இருப்பவர் மறு துறையில் அவ்வாறே இருப்பார் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. இவற்றினிடையே, முகவரிச் சீட்டுகளை எளிதில் புரட்டிப் பார்க்கும்படி அடுக்கிவைக்கும் ஒரு கருவியைக் கண்டுபிடித்துப் பதிவுரிமையும் பெற்றார். அக்கருவியைச் செய்து விற்கத் தாமே ஒரு தொழில் நிறுவனம் தொடங்கி, 1925இல் அதை வேறொரு நிறுவனத்தோடு இணைத்துப் பெருஞ்செல்வர் ஆனார். பேராசிரியர்களுள் இப்படிப் பணம் சேர்த்தவர் அரியர்.

பணக்கோலின் நீளத்தை அளக்க வேண்டுமானால் பல பொருள்களின் விலையைச் சேர்த்துப் பார்க்கும் குறியீட்டெண் வேண்டும். 1922இல் அதைப் பற்றி ஒரு தடித்த நூல் எழுதினார். அடுத்த ஆண்டு ஒரு கட்டுரையில், வாணிபம் ஓங்குவதும் ஒடுங்குவதுமாகிய சுழற்சி பெரும்பாலும் டாலரின் கூத்தே என்றார். விலைகள் ஏறுகிறபோது வாணிபம் துள்ளுகிறது. இறங்குகிறபோது படுத்துவிடுகிறது என்பது அவர் கண்டது. 1926இல் விலை மாற்றத்துக்கும் வேலையின்மைக்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிவரங்களோடு ஆராய்ந்தார். 1958இல் ஃபிலிப்ஸ் என்பவர் இங்கிலாந்தின் ஊதிய உயர்வையும் வேலையின்மையையும் வைத்து வரைந்த வளைகோடு உலகப் புகழ் பெற்றது. அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே ஃபிஷர் அவ்வழியில் நடந்திருக்கிறார்.

1922இல் அவர் ஜெர்மனிக்குச் சென்றிருந்தார். அந்நாட்டு நாணயமாகிய மார்க், நாள்தோறும் மதிப்பிழந்துகொண்டிருந்த காலம் அது. விலைகள் ஏன் ஏறுகின்றன என்று பலரிடம் விசாரித்தார். போரைச் சொன்னவர் உண்டு. சரக்குக் கிராக்கியைச் சொன்னவர் உண்டு. தங்கள் மார்க்குக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று சொன்னவரைக் காண்பது அரிதாக இருந்தது. ஒரு கடைக்காரப் பெண்மணி அவருக்குச் சட்டை ஒன்று விற்றாள். அது போன்ற சட்டையை மறுபடி கொள்முதல் செய்ய, விற்ற விலை முழுதும் ஆகும் என்பதை அவளே ஒப்புக்கொண்டாள். ஆனாலும் பழைய கொள்முதல் விலை குறைவாக இருந்ததால் தனக்கு இலாபம் என்று உறுதியாக நம்பினாள். அவளுக்குக் கிடைத்தது இலாபமன்று, இளைத்த மார்க் என்பது அவளுக்கு விளங்கவில்லை. 1928இல் வெளியிட்ட நூலில் ஃபிஷர் இதற்குப் பண மயக்கம் என்று பெயர் சூட்டினார். ஜெர்மானியப் பெண்மணியைப் பார்த்து நாம் நகைக்க வேண்டியதில்லை. வீட்டை விற்றவர் தாத்தா காலத்து விலையோடு ஒப்பிட்டு மகிழ்வதை நாம் எல்லா ஊரிலும் காண்கிறோம்.

நிற்க. இனிமேல் சொல்லப்போவதே கதையின் முக்கியமான பகுதி.

1920க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அமெரிக்காவில் பங்குகளின் விலை மளமளவென்று ஏறிற்று. ஃபிஷர் தம் செல்வத்தைப் பங்குகளில் போட்டதோடு நில்லாமல், கடன் வாங்கியும் போட்டார். 1929 அக்டோபர் மாத நடுவில், பங்கு விலைகள் நிலையான ஓர் உயர்ந்த சமவெளியை எட்டிவிட்டதாகத் தோன்றுகிறது என்று பொதுக்கூட்டத்தில் சொன்னார். இரண்டு வாரங்கூட நிற்கவில்லை, சந்தை சரிந்தது. 1929 செப்டம்பர் 3ஆம் நாள் 381 ஆக இருந்த டவ் ஜோன்ஸ் பங்கு விலைக் குறியீடு 1932 ஜூலை 8ஆம் நாள் 41 ஆயிற்று. சரியத் தொடங்கிய பின்னும், மீண்டும் எழும் என்றே அவர் பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இழந்தது 80 இலட்சம் முதல் 1 கோடி டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிடுகின்றனர். மனைவியின் தமக்கையிடம் கடன்பட்டார். குடியிருந்த வீட்டைப் பல்கலைக் கழகம் வாங்கிக்கொண்டு அவரையே அதில் குடியிருக்கவிட்டது.

சமவெளி என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு இன்றளவும் அவரை எள்ளி நகையாடுபவர் உளர். எனக்கு அது வியப்பாக இல்லை. அவர் ஏன் அப்படி எண்ணினார் என்பதே ஆராயத்தக்கது. 1922 முதல் 1929 வரை அமெரிக்காவில் பொது விலைமட்டம் பெரிதும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பணக்கோல் அசையாமல் நின்றது. கோல் நின்றால் எல்லாம் நலமே என்பது அவருடைய கோட்பாடு. அதனால் அவர் கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோலால் அளந்து எழுதிவைத்த கடன்கள் நாடெங்கும் மலைபோல் குவிந்திருந்தது அவருடைய குறியீட்டெண்ணில் தெரியாது. தம் பெயரில் இருந்த கடனும் அந்த மலையில் ஒரு கல் என்பதை அவர் அப்போது எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

65 வயதைக் கடந்த நிலையில், கைப்பொருளும் பெயரும் ஒருங்கே போன பின்னர் அவர் மீண்டும் எழுதுகோலை எடுத்தார். 1932இல் ஒரு நூலாகவும் 1933இல் சுருக்கமான ஒரு கட்டுரையாகவும் தம் புதிய முடிவை வெளியிட்டார். பெருமந்தங்களுக்குப் பல சிறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் நாட்டையே கவிழ்க்கும் மந்தத்துக்கு இரண்டு நோய்கள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று, அளவுக்கு மீறிய கடன். மற்றொன்று, விலைவாசி வீழ்ச்சி. தனித்தனியே வந்தால் உடம்பு தாங்கும். சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று வளர்க்கும்.

எப்படி என்று கேட்பீர்கள். ஓர் உழவர் 1,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நெல் மூட்டை 5 ரூபாய் விற்கிறது. அவருக்குக் கடன் என்பது 200 மூட்டை நெல். விலை இரண்டரை ரூபாயாக இறங்கிவிட்டால் அதே பத்திரம், அதே 1,000 ரூபாய். ஆனால் அவர் இப்போது 400 மூட்டை விளைவித்துக் கொடுக்க வேண்டும். பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் கடன் இரட்டித்துவிட்டது. இது ஒருவர் கதை. ஒரே வேளையில் எல்லாக் கடனாளிகளும் கடனை அடைக்க முந்தினால் என்ன ஆகும்? எல்லோரும் சரக்கையும் நிலத்தையும் பங்கையும் வந்த விலைக்கு விற்பர். அதனால் விலை மேலும் இறங்கும்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. அது கல்லூரி மாணவர்க்கும் முதலில் விளங்குவதில்லை. நாம் பணம் என்று கையாள்வதில் நோட்டும் நாணயமும் சிறு பகுதியே. பெரும்பகுதி வங்கிக் கணக்குகளில் எழுத்தளவில் இருப்பது. வங்கி ஒருவருக்குக் கடன் கொடுக்கும்போது அவர் கணக்கில் ஒரு தொகையை வரவு எழுதுகிறது. அங்கே புதிதாகப் பணம் பிறக்கிறது. அவர் கடனைத் திருப்பிச் செலுத்தும்போது அந்த வரவு அடிபட்டுப் பணம் மறைகிறது. புதுக் கடன்கள் வழங்கப்படாத காலத்தில் எல்லோரும் பழைய கடனை அடைத்தால் நாட்டில் பணமே குறைந்துபோகும். அஞ்சிய மக்கள் எஞ்சிய பணத்தையும் முடக்கிவைப்பதால் கைமாறும் வேகமும் குன்றும். ஃபிஷரின் பழைய சமன்பாட்டில் ஒரு பக்கம் இரண்டும் சுருங்கினால் மறுபக்கம் விலையும் விற்பனையும் சுருங்காமல் என்ன செய்யும்? ஆலைகள் நிற்கும், ஆள்கள் நிறுத்தப்படுவர், வேலை இழந்தவர் கடனை எப்படி அடைப்பார்?

இதற்கு அவர் காட்டிய கணக்கைக் கேளுங்கள். 1933 மார்ச் மாதத்துக்குள் அமெரிக்க மக்கள் அரும்பாடுபட்டும் திவாலாகியும் தம் கடன்களில் நூற்றுக்கு 20 அளவு குறைத்திருந்தனர். அதே காலத்தில், விலைகள் இறங்கியதனால் டாலரின் மதிப்பு நூற்றுக்கு 75 உயர்ந்திருந்தது. எஞ்சிய கடன் 80; அதை ஒன்றே முக்காலால் பெருக்கினால் 140. நான்கு ஆண்டு அடைத்த பின் மெய்யான கடன் 100இலிருந்து 140 ஆக வளர்ந்துவிட்டது. கடனாளிகள் கொடுக்கக் கொடுக்க, கொடுக்க வேண்டியது பெருகிற்று. இதனை அவர் கப்பலுக்கு ஒப்பிடுகிறார். சிறிதளவு சாய்ந்த கப்பல் தானே நிமிர்ந்துகொள்ளும். குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சாய்ந்துவிட்டால் நிமிர்வதற்குப் பதிலாகக் கவிழ்வதையே நாடும். பொருளாதாரம் தானே சமநிலைக்குத் திரும்பும் என்று நீர்ப்பொறி செய்து காட்டியவர் எழுதிய சொற்கள் இவை என்பதை நினைவிற் கொள்க.

அந்நாளில் அமெரிக்காவில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடப்பட்டன. 1933இல் உழைப்பவர் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை.

இந்நோய் அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியளவுக்கு வீழ்ந்தது. உழவர் விளைவிப்பது நெல். ஆனால் கடனும் நிலவரியும் எழுதப்பட்டிருந்தது ரூபாயில். ஃபிஷர் சொன்ன கணக்கு தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் நடந்தது. இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1938இல் இயற்றப்பட்ட சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இதற்கு ஒரு மருந்து. 1932 அக்டோபர் 1ஆம் நாளுக்கு முன் உழவர் பட்ட கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1ஆம் நாள் வரை நிலுவையில் இருந்த வட்டி முழுதும் அச்சட்டத்தால் தள்ளுபடியாயிற்று. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகும். விலையை உயர்த்தும் ஆற்றல் மாகாண அரசாங்கத்துக்கு இல்லை. ஆகவே கடனைக் குறைத்தது.

அப்படியானால் கடன் கொடுத்தவர் கொழுத்தனர் போலும் என்று நினைக்க வேண்டா. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 அளவே நாட்டுக்கோட்டை நகரத்தார் வசம் இருந்த வயல்கள், 1938 வாக்கில் நூற்றுக்கு 25 அளவாயின. கடனுக்கு ஈடாக நிலம் வந்தது; முதல் வரவில்லை. அவர்கள் விரும்பியதும் பணமே தவிர வயல் அன்று. வாங்க ஆள் இல்லாத வயல்களைக் கட்டிக்கொண்டு, பர்மிய மக்களின் பகையையும் ஏற்றுக்கொண்டு நின்றனர். 1942இல் போர் வந்தது. 1948இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. கோல் நீண்டதனால் இரு கரையும் உடைந்தது.

ஃபிஷர் சொன்ன மருந்து எளிது. கடன்கள் எந்த விலைமட்டத்தில் எழுதப்பட்டனவோ அந்த மட்டத்துக்கு விலைகளை மீண்டும் உயர்த்துக. அதற்கு வேண்டிய பணத்தை அரசாங்கமும் மத்திய வங்கியும் வெளியிடுக. பிறகு அந்த மட்டத்தில் நிறுத்துக. இதைக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். ரூஸ்வெல்ட் 1933இல் டாலரைப் பொன்னின் பிடியிலிருந்து விடுவித்தார். 1934 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் பொன்னின் விலை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தப்பட்டது. விலைகளும் திரும்பின. ஆயினும் அதற்காக ஃபிஷரை எவரும் கொண்டாடவில்லை. சமவெளி கண்டவர் சொல்லை யார் கேட்பர்? இங்கிலாந்தில் கெயின்ஸ் எழுதிய நூல் 1936இல் வெளிவந்ததும் அறிஞர் கூட்டம் அப்பக்கம் திரும்பிற்று. 1947இல் ஃபிஷர் காலமானபோது அவருடைய 1933ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிப்போர் மிகச் சிலரே.

1963இல் மில்ட்டன் ஃப்ரீட்மனும் ஆன்னா ஷ்வார்ட்ஸ் அம்மையாரும் சேர்ந்து அமெரிக்காவின் பண வரலாற்றை எழுதினர். 1929க்கும் 1933க்கும் இடையில் அந்நாட்டின் பணத்தொகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிற்று என்பதையும், தடுத்திருக்கக்கூடிய மத்திய வங்கி தடுக்காமல் இருந்தது என்பதையும் ஆண்டு ஆண்டாக, மாதம் மாதமாக எடுத்துக் காட்டினர். அமெரிக்கா பெற்றெடுத்த பொருளியல் அறிஞருள் ஃபிஷரே மிகப் பெரியவர் என்பது ஃப்ரீட்மனின் மதிப்பீடு. பின்னர் பென் பெர்னான்கி என்ற பேராசிரியர் 1983இல், வங்கிகள் மூடப்பட்டதால் கடன் வழங்கும் அமைப்பே சிதைந்து மந்தம் நீண்டது என்பதை ஆராய்ந்து எழுதினார். 2002இல் ஃப்ரீட்மனின் 90ஆம் பிறந்தநாள் விழாவில், மத்திய வங்கியின் ஆளுநர் குழு உறுப்பினராக இருந்த பெர்னான்கி, 1930களின் பிழை தங்கள் நிறுவனத்தினுடையதே என்று அவைமுன் ஒப்பி வருத்தம் தெரிவித்தார். அவரே 2006இல் அவ்வங்கியின் தலைவரானார். 2008இல் மறுபடியும் கடன்மலை சரிந்தபோது வட்டியை ஏறக்குறையப் பூச்சியமாக்கிப் பணத்தைப் பாய்ச்சினார். செய்தது முழுதும் சரியென்று எல்லோரும் ஒப்பவில்லை. மூழ்கிய வங்கிகளைக் கைதூக்கிவிட்டு வீடிழந்த மக்களைக் கைவிட்டனர் என்ற குறை நியாயமானதே. ஆயினும் வேலையின்மை 2009 அக்டோபரில் நூற்றுக்கு 10இல் நின்றது, 25க்குப் போகவில்லை. 2022இல் பெர்னான்கிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பள்ளிப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. விலைவாசி ஏறாமல் இருப்பது நல்லதென்றால், அரசாங்கங்கள் ஏன் சிறிதளவு ஏற்றத்தையே இலக்காக வைக்கின்றன? அமெரிக்க மத்திய வங்கி 2012இல் ஆண்டுக்கு 2 சதவீத ஏற்றம் என்று அறிவித்தது. நம் நாட்டில் 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, 4 சதவீதம் என்றும், இருபுறமும் 2 சதவீதம் விலகலாம் என்றும் வகுத்தனர். கேள்வி நியாயமானது. விடையின் ஒரு பகுதி, குறியீட்டெண்களை மிகச் சரியாகக் கணிப்பது அரிது என்பது. மற்றொரு பகுதி, ஊதியங்களை உயர்த்துவது எளிது, குறைப்பது கடினம் என்பது. பெரிய பகுதி 1933ஆம் ஆண்டின் அச்சமே. கிணற்றின் விளிம்பிலேயே நடப்பதைவிட இரண்டு முழம் தள்ளி நடப்பது போல, விலை வீழ்ச்சிக்கும் நமக்கும் இடையே சிறிது வெளி விட்டு வைக்கிறார்கள்.

இதை ஃபிஷர் ஒப்பியிருப்பாரா என்பது எனக்கு ஐயம். 1920இலேயே டாலரை நிலைப்படுத்துவது பற்றி ஒரு நூல் எழுதியவர் அவர். டாலருக்கு ஈடான பொன்னின் எடையை விலைக் குறியீட்டுக்கு ஏற்ப அவ்வப்போது கூட்டியும் குறைத்தும், அந்த டாலரால் வாங்கும் பண்டத்தின் அளவு மாறாதபடி வைக்கலாம் என்று விரிவான திட்டமே தீட்டியிருந்தார். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் சுருங்கும் கோலை அவரிடம் நீட்டியிருந்தால், கோலுக்கு முத்திரை எங்கே என்றுதான் கேட்டிருப்பார்.